சேகரிப்பில் ஒரு சிறு ரிவோல்வர்: வெள்ளவத்தையிலிருந்து ஹூஸ்டன் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சேகரிப்பாளர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்று டெக்சஸ் மாநிலத்தில் வாழ்கிறார். விடுமுறைக்கு வந்து வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது, ஹூஸ்டனில் ஒரு கடையில் நான்கு சிறு ரிவோல்வர்கள் விற்பனைக்கு இருப்பது தெரியவந்தது. அவற்றைக் கையில் எடுத்து அளந்தவர் அங்கிருக்கும் அவருடைய மகள். கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு, எதை எப்படி அளப்பது என்று சொன்னது கொழும்பிலிருந்த நாங்கள்.

அவரிடம் ஏற்கெனவே ஐந்து இருந்தன: வெப்ளி மார்க் 6, என்ஃபீல்ட் எண் 2, நாகன் 1895, கோல்ட் ஒஃபிஷியல் பொலிஸ், ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10. எல்லாமே இடுப்புப் பட்டியில் வெளியே தெரியும்படி கட்டிய முழு அளவுச் சேவை ரிவோல்வர்கள். அதே படைகளிலும் பொலிசிலும் சாதாரண உடையில் போனவர்கள் எதை வைத்திருந்தார்கள் என்பதற்கு அலுமாரியில் பதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஒன்று வேண்டும் என்றார். அதை மாதம் ஒரு பெட்டி, அதாவது 50 ரவை, சுடவும் வேண்டும். மகளின் சிறிய கைக்கும் பொருந்த வேண்டும். மறைத்துக் கொண்டுதிரிவது அவருடைய நோக்கமே அல்ல. இது தெளிவானதும் பாதிக் கேள்வி தீர்ந்தது.

பலர் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். இன்று விற்கப்படும் சிறு ரிவோல்வர்களில் பெரும்பாலானவை நாள் முழுவதும் சட்டைப்பைக்குள் கிடப்பதற்காக எடை குறைக்கப்பட்டவை. அலுமினிய ஃபிரேம் (மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்சட்டம்) கொண்ட ஸ்மித் அண்ட் வெசன் 642 ஏறத்தாழ 425 கிராம். 2009 இல் வந்த ரூகர் எல்சிஆர் அதைவிடவும் இலேசு. முழு உருக்கில் செய்த மாடல் 36 ஏறத்தாழ 553 கிராம். ஒரே ரவையைச் சுட்டால் பின்னுதைப்பின் ஆற்றல் எடைக்கு எதிர்விகிதத்தில் நிற்கும். ஆகவே 642 இல் அது சுமார் 30 வீதம் கூடுதல். பத்து ரவையில் அது பெரிதாகத் தெரியாது. ஐம்பதில் உள்ளங்கை வலிக்கும், அதற்குள் சுடுபவர் ட்ரிகரை இழுக்குமுன்னே கண் சிமிட்டப் பழகிவிடுவார். மிக இலேசான ரிவோல்வரில் இன்னொரு சிக்கலும் உண்டு: உதைப்பின் இழுவையில், இன்னும் சுடாத ரவைகளின் ஈயக் குண்டு அதைப் பிடித்திருக்கும் உலோகக் கோதிலிருந்து முன்னால் நகரும். அது, ரவைகளைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. சேகரிப்புக்கும் பயிற்சிக்கும் வாங்குபவர் உருக்கையே தேட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 1989 இல் வந்த ரூகர் எஸ்பி101 உருக்கில் செய்த நல்ல வேலைக்காரன்தான். ஆனால் இவருடைய அலுமாரியின் காலத்துக்கு அது மிகப் பிந்தியது என்பதால் விட்டோம்.

கடையிலிருந்த நான்கு

முதலாவது, வெட்டிக் குட்டையாக்கிய விக்டரி மாடல். இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெசன் பிரிட்டிஷ் படைகளுக்குச் செய்து அனுப்பியது. தொடர் இலக்கத்தின் முன்னே "வி" எழுத்து இருக்கும். போருக்குப் பின் இவற்றில் பலவற்றின் குழலை 2 அங்குலத்துக்கு வெட்டிச் சிறு ரிவோல்வர் என்று விற்றார்கள். "உங்களிடம் என்ஃபீல்ட் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ரவைதான்" என்று விற்பனையாளர் சொன்னது காகிதத்தில் சரி. ஆனால் வெட்டியவர்கள் குழலோடு நிற்கவில்லை. ரவை எளிதில் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பலவற்றில் சிலிண்டரில் ரவை உட்காரும் அறைகளையும் நீளமாகக் குடைந்து .38 ஸ்பெஷல் ரவைக்கு மாற்றினார்கள். இதற்கு முதலில் உரிய பழைய .38 எஸ் அண்ட் டபிள்யூ ரவையின் கோது குட்டை, சுமார் 19.7 மில்லிமீட்டர், ஆனால் சற்றுப் பருமன். .38 ஸ்பெஷல் கோது 29.3 மில்லிமீட்டர், ஒல்லி. பருமனான அறைக்குள் ஒல்லியான கோது வெடிக்கும்போது அடிப்பகுதி வீங்கும், சில நெடுக்காகப் பிளக்கும்.

மகளிடம் ஒரு வெற்று .38 ஸ்பெஷல் கோதை அறைக்குள் விடச் சொன்னோம். குடையாத அறையில் அது பாதியில் தடைப்பட்டு நிற்க வேண்டும். ஆறு அறையிலும் விளிம்பு வரை இறங்கியது. குழலை வெட்டியபோது கோதுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியின் முன்முனையைத் தாங்கும் பூட்டும் போய்விட்டது, ஆகவே சிலிண்டர் பின்பக்கம் மட்டுமே பூட்டிக்கொள்கிறது. மேலும் இதன் ஃபிரேம் மாடல் 10 க்கு உரிய அதே நடுத்தரக் கே அளவு. குழல் குட்டை என்பதால் ரிவோல்வர் சிறிதாகிவிடாது. இதைச் சேகரிப்பாளர் உடனே ஒதுக்கினார். அவருடைய வெப்ளியின் சிலிண்டரும் .45 ஏசிபி ரவைக்காகப் பின்பக்கம் சீவப்பட்டதுதான். அந்த ரவையின் வழமையான தொழிற்சாலை அழுத்தம் வெப்ளிக்கு அதிகம் என்பதால் அதைச் சுடாமல் வைத்திருக்கிறார். அப்படி ஒன்று போதும்.

இரண்டாவது, கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல். 1927 இல் தொடங்கிய வகை. கடையிலிருந்தது போருக்குப் பிந்தைய இரண்டாம் வரிசை, எஜெக்டர் கம்பிக்கு மூடாக்கு இல்லாதது. ஆறு ரவை கொள்ளும், ஆனாலும் ஐந்து ரவை கொள்ளும் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 36 ஐவிடச் சற்றுத்தான் பருமன். வரலாற்றுப் பொருத்தம் என்று பார்த்தால் நான்கிலும் இதுவே முதலிடம். எங்களில் ஒருவர் கடைசிவரை இதற்காகவே வாதாடினார்.

மூன்றாவதும் நான்காவதும் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 36. இது 1950 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடிய பொலிஸ் தலைமை அதிகாரிகளின் மாநாட்டில் காட்டப்பட்டதால் "சீஃப்ஸ் ஸ்பெஷல்" என்ற பெயர். 36 என்ற இலக்கம் 1957 இல் வந்தது. கடையிலிருந்த ஒன்று பழையது, நிக்கல் பூச்சு, சிலிண்டர் திறக்கும் பொத்தான் தட்டையானது. மற்றது 1970களில் செய்தது, கருநீல மெருகு, இலக்கத்தின் முன்னே "ஜே", கீழ்ப்பிடியில் சற்றுத் தேய்ந்த மரம்.

அளந்தது எப்படி

எந்தக் கடையிலும் முதல் வேலை சிலிண்டரைத் திறந்து ஒவ்வோர் அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, இன்னொருவரையும் பார்க்கச் செய்வது. மகள் ஒவ்வொரு ரிவோல்வரையும் கையில் எடுக்கும்போதெல்லாம் இதைச் செய்தார். பிறகு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, வெற்றுச் சுடலுக்குப் போலி ரவைகளைப் போட்டார். பழைய மாடல் 36 இல் ரவையைத் தட்டும் ஊசி, அடிக்கும் சுத்தியான ஹாமரோடு இணைந்திருக்கும், போலி ரவை இல்லாமல் திரும்பத் திரும்பத் தட்டினால் அது முறியலாம்.

அளவுகளில் முதன்மையானது சிலிண்டரின் முகப்புக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஃபீலர் கேஜ் என்ற தடிப்பளவியின் தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்க வேண்டும். 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை நல்லது, 0.30 ஐத் தாண்டினால் வாயு பக்கவாட்டில் பாய்ந்து வேகமும் குறையும், ஈயத் துகளும் தெறிக்கும். ஆனால் ஒருமுறை அளந்தால் போதாது. சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து ஓர் அளவு, முன்னால் தள்ளிப் பிடித்து ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சிலிண்டரின் முன்பின் ஆட்டம். இந்த ஆட்டத்தை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் பார்ப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்: சிலிண்டர் முன்னால் சரிந்திருக்கும் நேரத்தில் அளந்தால் தேய்ந்துபோன ரிவோல்வரும் புதியது மாதிரித் தெரியும்.

நிக்கல் பூச்சு 36 இல் பின்னால் 0.23, முன்னால் 0.10. ஆட்டம் 0.13 மில்லிமீட்டர், சிறு ஃபிரேமுக்கு இது அதிகம். 1970களின் 36 இல் 0.18, 0.15; ஆட்டம் 0.03 மட்டுமே.

அடுத்தது சுழற்சியின் நேரம். சிலிண்டரை விரலால் மெல்ல உரசிப் பிடித்தபடி, ஹாமரை மிக மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். ஹாமர் முழுதாகப் பின்னே நிற்பதற்கு முன்னரே சிலிண்டரின் பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். எல்லா அறைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஏனெனில் தேய்மானம் சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் விரல் என்ற உட்பாகத்தில் இருந்தால் எல்லா அறையிலும் தெரியும், சிலிண்டரின் பின்பக்கப் பல் ஒன்றில் இருந்தால் ஓர் அறையில் மட்டும் தெரியும். டிடெக்டிவ் ஸ்பெஷலில் ஐந்து அறை சரி. ஆறாவது ஹாமர் நின்ற பிறகும் பூட்டாமல் நின்றது. விரைவாக ட்ரிகரை இழுத்தால் சிலிண்டரின் வேகமே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அதனால் கடையில் "நன்றாக வேலை செய்கிறது" என்று தோன்றும். மெதுவாக இழுக்கும்போதுதான் குறை வெளிவரும். கோல்ட்டின் பழைய பூட்டமைப்பு சுடும் கணத்தில் சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் வகை. துல்லியத்துக்கு அது அருமையானது, ஆனால் அந்த இறுக்கத்தைத் தாங்குவதும் அதே விரல்தான், தேய்வதும் அதுதான். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைவினைஞர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். சேகரிப்பாளருக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒருவரும் இல்லை. எங்களில் ஒருவரின் வாதம் இத்தோடு நின்றது.

ஹாமரைப் பின்னிழுத்து நிறுத்திவிட்டு, கட்டைவிரலால் அதை மிதமாக முன்னால் தள்ளிப் பார்க்கவும் சொன்னோம். விழவே கூடாது. விழுந்தால் யாரோ ட்ரிகரை இலேசாக்குவதற்காக உள்ளே அரத்தால் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். அதை வாங்கவும் கூடாது, நிரப்பவும் கூடாது. நிக்கல் 36 இல் விழவில்லை. ஆனால் ட்ரிகர் இயல்புக்கு மீறி மென்மையாக இருந்தது. மாடல் 36 இன் சிறு ஃபிரேமான ஜே ஃபிரேமில் ஹாமரைத் தள்ளுவது சுருள் ஸ்பிரிங். அதில் ஒரு சுற்றை வெட்டினால் ட்ரிகர் இலேசாகும், கூடவே ரவையின் பின்முகப்பில் ஊசியின் அடியும் பலவீனமாகி ரவை வெடிக்காமல் போகும். பிடியைக் கழற்றியதும் வெட்டிய முனை தெரிந்தது.

இந்த இடத்தில் தம்பி குறுக்கிட்டார். "அண்ணை, அந்த வெள்ளிப் பூச்சு எவ்வளவு வடிவா இருக்கு. அதையே எடுங்கோவன், ஸ்பிரிங் மாத்திப் போடலாம்தானே."

"வடிவு பிறகு, தம்பி. முதல்ல அந்தத் திருகாணியைப் பெருப்பிச்சுப் பார்."

பெருப்பித்ததும் தெரிந்தது, உட்பொறியை மூடும் பக்கத் தகட்டின் திருகாணித் தலைகளில் வெட்டு விளிம்புகள் சிதைந்திருந்தன. தகட்டின் ஓரத்தில் நெம்பிய தழும்பு. ஸ்மித்தின் பக்கத் தகட்டை நெம்பவே கூடாது. திருகாணிகளைக் கழற்றிவிட்டு, பிடிச் சட்டத்தை மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் தகடு தானாக மேலே எழும். நெம்பியவர் அதை அறியாதவர். ஹாமரும் ட்ரிகரும்கூட நிக்கல் பூசப்பட்டிருந்தன. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவை உருக்கைக் கடினப்படுத்தியபோது எழும் பல நிறத் திட்டுகளோடு இருக்கும். நிறுவனத்தின் முத்திரை எழுத்துகளும் ஓரம் மழுங்கியிருந்தன: பூசுவதற்கு முன் தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள். இது பிற்காலப் பூச்சு என்பதில் ஐயம் இருக்கவில்லை.

மற்ற 36 இல் குழலைப் பிணைக்கும் சிறு ஊசி அதன் இடத்திலேயே இருந்தது. இந்த ஊசி 1980களின் தொடக்கத்துக்குப் பின் செய்தவற்றில் இல்லை. சிலிண்டரைத் திறந்து சுழற்றியபோது எஜெக்டர் கம்பி தள்ளாடவில்லை. திரைப்படங்களில் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடுவதைப் பார்த்துப் பழகியவர்களின் கையில் இருந்திருந்தால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்து, மூடிய பின் ஃபிரேமோடு சேரும் இடத்தில் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அதுவும் இல்லை. குழலின் பின்முனையில் விரிசல் இல்லை. சிலிண்டருக்கு மேலுள்ள ஃபிரேம் பட்டையில் வாயு அரித்த தடம் மெல்லிய கீறலாக மட்டுமே. மெருகு உறையோடு உரசி முனையில் வெளுத்திருந்தது. இந்த நான்கில் அழகில் கடைசி இதுவே. ஆனால் உள்ளே எவரும் கை வைக்காதது இது ஒன்றுதான், அதனாலேயே எங்கள் தெரிவும் இதுதான்.

ரவையைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வழமையான .38 ஸ்பெஷலுக்கு அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல். பிளஸ் பி என்று குறித்த ரவைக்கு 20,000. அந்தக் காலத்து மாடல் 36 பிளஸ் பிக்கு மதிப்பிடப்படவில்லை. ஒரு பெட்டியில் வெடித்துவிடாது, ஆனால் நாங்கள் அளந்த அந்த 0.03 மெதுவாக 0.13 ஆகும். 158 கிரெய்ன் ஈயக் குண்டு போதும், அதுவே வேண்டும்: நிலையான குறிவைப்பைக் கொண்ட இந்தச் சிறு ரிவோல்வர்கள் அந்த எடைக்கே ஒழுங்குசெய்யப்பட்டவை. 110 கிரெய்ன் போட்டால் குறிக்குக் கீழே விழும்.

பணம் கட்டும் இடத்தில்

மகள் அங்கேயே நின்றதால் "நீயே கையெழுத்துப் போட்டு எடுத்துவிடு" என்ற வார்த்தை வரப் பார்த்தது. அதைத் தடுத்தோம். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புபவர், உண்மையில் தனக்காகவே வாங்குகிறாரா என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அப்பாவின் பணத்தில், அப்பாவுக்காக வாங்கிக்கொண்டு "ஆம்" என்று எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். அப்பாவும் சட்டப்படி வாங்கத் தகுதியானவர் என்பது அதை மாற்றாது. சேகரிப்பாளர் முற்பணம் மட்டும் கட்டி ரிவோல்வரை ஒதுக்கிவைக்கச் சொன்னார். டெக்சஸ் திரும்பிய பிறகு தானே படிவம் நிரப்பிப் பெற்றுக்கொண்டார். செய்து 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகள் அங்கே "கியூரியோ அண்ட் ரெலிக்" என்ற அரும்பொருள் வகைக்குள் வரும். அவற்றைச் சேகரிப்போருக்குத் தனி உரிமம் உண்டு, மூன்று ஆண்டுக்கு 30 டொலர். இவர் போன்ற ஒருவருக்கு அது கட்டாயம் பெறத்தக்கது என்று சொன்னோம்.

ஓய்வுபெற்றுக் கொழும்புக்கு வரும்போது எல்லாவற்றையும் கொண்டுவரலாமா என்பது அவருடைய மனத்தில் நெடுநாள் இருந்த கேள்வி. எங்கள் பதில்: அந்த நம்பிக்கையில் ஒன்றையும் வாங்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து ரிவோல்வரை நிரந்தரமாக ஏற்றுமதி செய்ய அந்நாட்டு வணிகத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இங்கே 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கு அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில்; அதைக் கேட்பவர் உயிருக்கு அச்சுறுத்தலைக் காட்ட வேண்டும். சேகரிக்கும் ஆர்வம் அதற்குக் காரணமாகாது. 2024 இன் இறுதியில், தற்காப்புக்காக ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்த சுடுகலன்களையே மீள ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்து மீளாய்வு செய்தது. ஆகவே தம்பியின் பெயரை மரண சாசனத்தில் எழுதியிருந்தால், ரிவோல்வர்களை அல்ல, அவற்றை உரிமம் பெற்ற விற்பனையாளர் மூலம் விற்ற பணத்தையே எழுத வேண்டும். ரிவோல்வர்கள் மகளுக்கு. இதை வழக்கறிஞர் மூலம் அங்கேயே எழுதிவைத்தார்.

வாங்கிய பின் நேர்ந்தவை

முதல் பயிற்சியில் மூன்றாவது முறையாக ஐந்து ரவையைச் சுட்டதும் சிலிண்டர் திறக்க மறுத்தது. பொத்தானைத் தள்ளினாலும் அசையவில்லை. இது இந்த வகையில் அடிக்கடி காணும் கோளாறு: சுடும் அதிர்ச்சியில் எஜெக்டர் கம்பி தன் மரையிலிருந்து தளர்ந்து நீளுகிறது, நீண்டதும் முன்பக்கப் பூட்டில் இறுகிக்கொள்கிறது. குழலின் முகப்பைப் பாதுகாப்பான திசையில் வைத்து, கம்பியின் சொரசொரப்பான முனையை விரலால் பிடித்து இறுக்கும் பக்கம் சிறிது சிறிதாகத் திருப்பினால் திறக்கும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் இந்த மரை இடமுறைக்கு மாற்றப்பட்டது. முன்னாலிருந்து பார்க்க, கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறம் திருப்பினால்தான் இறுகும். வழக்கமான பக்கம் திருப்புபவர் இன்னும் தளர்த்திக்கொண்டிருப்பார். திறந்த பின் நிரந்தரமாக இறுக்கும்போது அறைகளில் வெற்றுக் கோதுகளைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கோது வெளியேற்றும் நட்சத்திரத் தகட்டின் சிறு ஊசிகள் முறுக்கத்தில் வளையும். கம்பியை வெறும் குறட்டால் பிடிக்கக் கூடாது. தோல் சுற்றிப் பிடிக்க வேண்டும்.

2 அங்குலக் குழலுக்கு ஏற்ற கம்பி குட்டை, கோதுகளை முழுதாக வெளியே தள்ளாது. மகள் முகப்பைத் தரைநோக்கி வைத்துத் தள்ளியதால் ஒரு கோது நட்சத்திரத் தகட்டின் அடியில் நழுவிச் சிக்கிக்கொண்டது. முகப்பை வானம்நோக்கி நிமிர்த்தி, உள்ளங்கையால் ஒரே அடியாகக் கம்பியைத் தட்ட வேண்டும். அப்போது எரியாத மருந்துத் துகளும் தகட்டின் கீழே விழாது. சிலிண்டர் சுழலக் கடினமாகிறது என்றால் பத்தில் எட்டுத் தடவை காரணம் அந்தத் துகள்தான். ஒரு பழைய பல் துலக்கி போதும்.

பழைய மரப்பிடி மிக ஒல்லி. ட்ரிகர் வளையம் நடுவிரலின் மூட்டை ஒவ்வொரு சுடலிலும் இடித்தது. மரத்தைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பயிற்சிக்கு ரப்பர் பிடி போடச் சொன்னோம். மகளின் விரல் ட்ரிகரை முதல் மூட்டுக்கு முன்னால் தொடுகிறது, அதுவே வேண்டிய அளவு.

ஹூஸ்டன் கடற்கரைக்கு அண்மையில் இருப்பதால் ஈரப்பதம் வெள்ளவத்தைக்குக் குறைந்ததல்ல. தோல் உறைக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. தோலைப் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து உருக்கை அரிக்கும். பிடியின் உட்புறம்தான் முதலில் துருப்பிடிக்கும், அங்கே கையின் வியர்வை தங்கும், எவரும் கழற்றிப் பார்ப்பதில்லை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சிலிக்கா ஜெல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடியைக் கழற்றிப் பார்த்தல்.

0.18, 0.15 என்ற அந்த இரண்டு எண்களும் ஓர் அட்டையில் எழுதப்பட்டு ரிவோல்வரோடு இருக்கின்றன. ஒவ்வொரு 500 ரவைக்கும் திரும்ப அளந்து கீழே எழுத வேண்டும். வித்தியாசம் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிலிண்டர் அச்சில் 0.05 மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையத் தகடு ஒன்று போட்டால் ஆட்டம் அடங்கும். வேலை சிறியது, ஆனால் அதை ஒரு துப்பாக்கிக் கைவினைஞரே செய்ய வேண்டும்.